நிர்வாகி உரிமை இருந்தும் வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் தெரியவில்லை: என்மேப், என்பிகேப் குறித்த விவாத இழை

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் உள்ள மாந்தோப்பைக் கண்காணிக்கக் கேமராக்களும், அவற்றின் காட்சிகளைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆரும் வைத்திருக்கிறோம். கோடைக் காற்றில் மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் டிவிஆரின் ஐபி முகவரி மாறிவிடுவதால், கணினியில் அதைத் திறக்கப் புதிய முகவரியைத் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிருஷ்ணகிரியிலிருந்து ஆளை வரவழைத்துக் கூலி கொடுப்பது கட்டுப்படியாகவில்லை. ஆகவே மைத்துனர் மகன், நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடிக் காட்டும் என்மேப் மென்பொருளையும், அதைச் சுட்டியால் இயக்க உதவும் ஜென்மேப்பையும் என் விண்டோஸ் 10 கணினியில் நிறுவிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான்.

இப்போது 192.168.0.0/24 என்ற எல்லையை (192.168.0 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும்) கொடுத்துத் தேடினால் ரௌட்டர், பிரிண்டர், என் கணினி ஆகியவை மட்டுமே பட்டியலில் வருகின்றன. அதே வைஃபையில் வேலை செய்துகொண்டிருக்கும் என் மகளின் லேப்டாப் வரவில்லை, டிவிஆரும் வரவில்லை. ஒரு கருவியின் இயங்குதளத்தைக் கண்டறியச் சொன்னால், அதற்கான வசதி இல்லை என்று மறுத்துவிட்டு நின்றுவிடுகிறது. இந்தக் கணினியில் இருப்பது என் கணக்கு ஒன்றுதான், அதுவும் நிர்வாகிக் கணக்கு. போதாதென்று வலப்பக்கம் சொடுக்கி "நிர்வாகியாக இயக்கு" என்பதையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். மாற்றம் எதுவும் இல்லை. இன்னும் யாருடைய அனுமதி வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வத்தல்மலை (தர்மபுரி) எழுதியது:

ஐயா, கணக்கு நிர்வாகியாக இருப்பதும், அந்தக் கணக்கிலிருந்து தொடங்கும் மென்பொருள் நிர்வாகி உரிமையோடு ஓடுவதும் வெவ்வேறு. விண்டோஸ் விஸ்டா 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து, நிர்வாகியாக உள்நுழைந்தவருக்கும் அன்றாட வேலைகளில் சாதாரணப் பயனரின் உரிமையே தரப்படுகிறது. திரை மங்கி "ஆம், இல்லை" என்று கேட்கும் பெட்டியில் நீங்கள் ஆம் என்று சொன்ன பிறகே குறிப்பிட்ட அந்த மென்பொருள் மட்டும் முழு உரிமையைப் பெறும். அந்தப் பெட்டிக்கு யூஏசி என்று பெயர்.

நீங்கள் அதையும் செய்துவிட்டதாகச் சொல்வதால் இரண்டு தகவல்கள் தேவைப்படுகின்றன. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்தால் அதன் தலைப்புப் பட்டையில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். அதே சாளரத்தில் என்மேப்பை இயக்கினால், வரும் முடிவில் ஒவ்வொரு கருவிக்கும் கீழே மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தயாரித்த நிறுவனத்தின் பெயரும் உள்ள வரி இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அந்த வரி இல்லையென்றால், நீங்கள் எந்த உரிமையோடு தொடங்கியிருந்தாலும் என்மேப் உரிமையற்ற முறையில்தான் ஓடியிருக்கிறது என்று பொருள். உங்கள் கணினிக்கு நேரே மட்டும் அந்த வரி வராது, அது இயல்பு.

ஒசூர் விரைவு எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. யூஏசி அமைப்பில் உள்ள நகர்த்தியை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். நெட்வொர்க் வழியே வருபவற்றைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற கணக்கை இயக்கி, அதில் நுழைந்து தேடிப் பாருங்கள். வீட்டுக் கணினிக்கு இத்தனை பூட்டு எதற்கு?

வத்தல்மலை (தர்மபுரி) எழுதியது:

ஐயா, மேலே சொன்ன மூன்றையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். மூன்றுமே இந்தச் சிக்கலைத் தீர்க்காது என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

யூஏசி நகர்த்தியை இறக்கினால், உயர் உரிமை கேட்கும் மென்பொருளுக்கு அது கேள்வியின்றிக் கிடைக்கும், அவ்வளவுதான். உரிமை கேட்காமல் சாதாரணமாகத் தொடங்கும் மென்பொருள் விண்டோஸ் 10இல் அப்போதும் சாதாரண உரிமையோடுதான் ஓடும். ஆகவே இதனால் பயன்பெறுவது, மின்னஞ்சல் இணைப்பாக வந்து சத்தமில்லாமல் உரிமை கேட்கும் கெட்ட நிரலே தவிர என்மேப் அன்று. ஃபயர்வால் விஷயத்தில் தடுப்பது எந்த முனை என்பதைப் பார்க்க வேண்டும். உங்கள் கணினியின் ஃபயர்வால், நீங்கள் அனுப்பிய கேள்விக்கு வரும் பதிலை உள்ளே விடும். கேள்வியைப் பெற்றுக்கொண்டு பதிலே சொல்லாமல் இருப்பது மகளின் லேப்டாப்பில் உள்ள ஃபயர்வால். இங்கே அணைத்தால் அங்கே எதுவும் மாறாது. மறைந்திருக்கும் அந்தக் கணக்கோ யூஏசியின் வடிகட்டல் இல்லாமல் ஓடுவது. அதில் நுழைந்துவிட்டால் உலாவி உட்பட அனைத்துமே முழு உரிமையோடு திறக்கும். அது வழக்கமாக முடக்கப்பட்டிருப்பதற்குக் காரணமும் அதுவே.

பர்கூர் மாணவி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். வத்தல்மலை அண்ணா கேட்டவற்றோடு, என்மேப் தேடலைத் தொடங்கியவுடன் முடிவின் முதல் வரிகளில் ஏதாவது எச்சரிக்கை வருகிறதா என்பதையும் படித்துச் சொல்லுங்கள். ஜென்மேப்பில் அது மேலே ஓடிப்போய்விடுவதால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

இதற்கிடையில், எந்த நிர்வாகி உரிமையும் இல்லாமலேயே லேப்டாப் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒரே நெட்வொர்க்கில் ஒரு கணினி இன்னொன்றுக்கு எதையாவது அனுப்ப வேண்டுமானால், முதலில் "இந்த ஐபி முகவரி யாருடையது, உன் மேக் முகவரி என்ன" என்று ஏஆர்பி என்ற முறையில் அனைவரையும் பார்த்துக் கேட்டாக வேண்டும். இருக்கிறாயா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்லாத கணினியும் இதற்குப் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் அதனால் நெட்வொர்க்கிலேயே இயங்க முடியாது. இந்தக் கேள்வியை விண்டோஸ் தானாகவே கேட்டு, பதிலைச் சிறிது நேரம் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். எனவே என்மேப் தேடல் முடிந்த உடனே கமாண்ட் பிராம்ப்ட்டில் ஏஆர்பி என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் ஏ என்ற எழுத்தும் இட்டுப் பாருங்கள். என்மேப் இல்லை என்று சொன்ன கருவிகளும் அதில் இருக்கக்கூடும்.

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

இருவருக்கும் நன்றி. தலைப்புப் பட்டையில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றே இருக்கிறது. ஆனால் முடிவில் எந்தக் கருவிக்கும் மேக் முகவரி வரவில்லை. மாணவி சொன்ன எச்சரிக்கையும் தொடக்கத்தில் இருக்கிறது: தேவையான என்பிகேப் செயற்கூறுகளை ஏற்ற முடியவில்லை என்றும், ஆகவே கனெக்ட் முறைக்கு மாறுவதாகவும், சில வசதிகள் முழுமையாக இயங்காமல் போகலாம் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஏஆர்பி பட்டியலில் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகள் கூடுதலாகவே வந்தன. மகளின் லேப்டாப்பில் உள்ள முகவரியை ஒப்பிட்டேன், அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டிவிஆர் மட்டும் அதிலும் இல்லை.

வத்தல்மலை (தர்மபுரி) எழுதியது:

காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் கணினியில் என்பிகேப் என்ற டிரைவர் (நெட்வொர்க் கார்டோடு நேரடியாகப் பேச உதவும் நிரல்) இல்லை. என்மேப்பை நிறுவும்போது அதையும் சேர்த்து நிறுவட்டுமா என்று ஒரு குறிப்பெட்டி கேட்கும். அதில் குறியை எடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

என்மேப் தேடும் முறைகள் பலவற்றுக்கு, இயங்குதளத்தின் வழக்கமான இணைப்பு வழியைத் தவிர்த்து, பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) தானே வடிவமைத்து அனுப்பும் ஆற்றல் தேவைப்படுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த ஆற்றல் ரூட் என்ற முழு உரிமைப் பயனருக்கு உண்டு. ஆகவே அங்கே ரூட் உரிமையோடு இயக்க உதவும் சூடோ என்ற கட்டளையை முன்னால் சேர்த்தால் காரியம் முடிந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை லினக்ஸை வைத்து எழுதப்பட்டிருப்பதால், விண்டோஸில் அதற்கு ஈடானது "நிர்வாகியாக இயக்கு" என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, மென்பொருள்கள் இணைப்புகளுக்குப் பயன்படும் டிசிபி வகைப் பாக்கெட்டுகளைத் தாமே வடிவமைத்து அனுப்பும் வழியை அடைத்துவிட்டது. நிர்வாகிக்கும் அது திறக்காது. அதன்பின் என்மேப் விண்டோஸில் ஒரு தனி டிரைவரின் துணையோடு, நெட்வொர்க் கார்டுக்கு நேரடியாகப் பாக்கெட்டைக் கொடுத்து வேலை செய்கிறது. முன்பு அந்த டிரைவர் வின்பிகேப். அதன் வளர்ச்சி 2013ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுவிட்டதால் இப்போது அந்த இடத்தில் என்பிகேப் இருக்கிறது. டிரைவர் இல்லாத கணினியில் நீங்கள் எத்தனை முறை நிர்வாகியாக இயக்கினாலும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவே இல்லாத சுவரின் முன் நிற்பதைப் போன்றதுதான்.

அந்தக் கனெக்ட் முறையில் என்மேப் என்ன செய்கிறது என்றால், ஒவ்வொரு முகவரியிலும் வலைப்பக்கங்களுக்கான 80, 443 ஆகிய போர்ட்டுகளோடு (இணைப்பு வாயில்களோடு) சாதாரண இணைப்பை ஏற்படுத்த முயல்கிறது. பிரிண்டரும் ரௌட்டரும் வலைப்பக்கம் வைத்திருப்பவை, ஆகவே பதில் சொல்லிவிட்டன. லேப்டாப்பின் ஃபயர்வால் மௌனமாக இருந்ததால் அது இல்லை என்று முடிவாகிவிட்டது. டிரைவர் இருந்தால் உள்ளூர் நெட்வொர்க்கில் என்மேப் ஏஆர்பி மூலம் கேட்கும். மாணவி சொன்னதைப் போல அதற்குப் பதில் வந்தே தீரும்.

என்பிகேப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட கருவிகளின் பெயரில் போலித் தளங்கள் தேடல் விளம்பரங்களில் வருவதுண்டு. போலி நிறுவியின் யூஏசி பெட்டியில் ஆம் என்று அழுத்திவிட்டால், நிர்வாகி உரிமையை நாமே எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும். அந்தப் பெட்டியில் வெளியிட்டவரின் பெயர் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்று படித்த பிறகே அழுத்துங்கள். அறியப்படாத வெளியீட்டாளர் என்று மஞ்சள் நிறத்தில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நிறுவும்போது, டிரைவரை நிர்வாகிகள் மட்டும் பயன்படுத்துமாறு கட்டுப்படுத்தவா என்று ஒரு கேள்வி வரும். அதில் குறியிடுமாறு நான் பரிந்துரைக்கிறேன். முடிந்த பிறகு நிர்வாகி கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்சி, குவரி, என்பிகேப் என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு இட்டால், சேவை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று காட்டும்.

ஒசூர் விரைவு எழுதியது:

அந்தக் கட்டுப்பாட்டில் மட்டும் நான் மாறுபடுகிறேன். குறியிட்டால், சாதாரணமாகத் திறந்த ஜென்மேப்பில் தேடும்போதெல்லாம் யூஏசி பெட்டி எழுந்து வந்து தொல்லை கொடுக்கும். குறியிடாமல் விட்டால் எந்த நிர்வாகி உரிமையும் இல்லாமலேயே முழுத் தேடலும் நடக்கும். நீங்களே சொன்னபடி உரிமை டிரைவரில் இருக்கிறது என்றால், அதைத் திறந்து வைத்துவிட்டு ஜென்மேப்பை நிர்வாகியாக இயக்காமல் இருப்பதுதானே பாதுகாப்பு?

வத்தல்மலை (தர்மபுரி) எழுதியது:

நல்ல கேள்வி, ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில் உங்கள் வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் டிரைவரைத் திறந்து வைத்தால் அது என்மேப்புக்கு மட்டும் திறப்பதில்லை. அந்தக் கணினியில் சாதாரண உரிமையோடு ஓடும் எந்த நிரலும் நெட்வொர்க் கார்டில் வந்துபோகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கலாம், தானே வடிவமைத்தும் அனுப்பலாம். எங்கள் கடைக்கு வரும் வீட்டுக் கணினிகளில் பிள்ளைகள் விளையாட்டு என்று இறக்கி வைத்திருப்பவற்றைப் பார்த்த பிறகு, மாதத்துக்கு ஓரிரு முறை வரும் அந்தப் பெட்டியைத் தொல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

குறியிட்டே நிறுவினேன். சேவை ஓடுவதாகக் காட்டுகிறது. இப்போது தேடினால் மகளின் லேப்டாப், டிவி, கைப்பேசிகள் எல்லாம் மேக் முகவரியோடு வந்துவிட்டன. இயங்குதளத்தைக் கண்டறியும் வசதியும் வேலை செய்கிறது. ஆனால் நான் தேடத் தொடங்கிய டிவிஆர் மட்டும் இன்னும் வரவில்லை.

ஒரு விவரத்தை முதலில் எழுதவில்லை. ஃபைபர் மோடம் மேல்மாடியில் இருக்கிறது. டிவிஆரின் கேபிள் அதில்தான் செருகப்பட்டிருக்கிறது. கீழே சிக்னல் கிடைக்காததால் மோடத்திலிருந்து ஒரு கேபிளை இறக்கி, இன்னொரு ரௌட்டரின் இன்டர்நெட் என்று எழுதிய துளையில் கொடுத்திருக்கிறோம். என் கணினி கீழே உள்ள அந்த ரௌட்டரில் இருக்கிறது. டிவிஆரை அமைத்தவர் சுவரில் எழுதி வைத்த பழைய முகவரி 192.168.1.7. மேலும், மோடத்தின் வெளிமுகவரி என்று 100.72 எனத் தொடங்கும் ஒன்று தெரிகிறது. அந்த எல்லை முழுவதையும் தேடினால் ஏதாவது கிடைக்குமா?

பர்கூர் மாணவி எழுதியது:

ஐயா, இனி இது அனுமதி பற்றிய சிக்கல் அன்று. உங்கள் வீட்டில் இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கின்றன. மேலே உள்ள மோடம் 192.168.1 என்ற எல்லையையும், கீழே உள்ள ரௌட்டர் 192.168.0 என்ற எல்லையையும் வழங்குகின்றன. ஏஆர்பி கேள்வி ஒரு ரௌட்டரைத் தாண்டிச் செல்லாது. நீங்கள் கீழ் எல்லையை மட்டும் தேடிக்கொண்டிருக்கும்வரை, உலகில் உள்ள எல்லா உரிமைகளையும் கொடுத்தாலும் டிவிஆர் வராது.

கீழே இருந்தபடியே 192.168.1.0/24 என்று கொடுத்துத் தேடிப் பாருங்கள். கீழ் ரௌட்டர் மேல் நெட்வொர்க்கின் ஓர் உறுப்பாகவே இருப்பதால் பாக்கெட்டுகள் மேலே போகும், பதிலும் திரும்பி வரும். அப்படிச் செல்லும்போது என்மேப் ஏஆர்பிக்குப் பதிலாகப் பிங்கையும் சில டிசிபி பாக்கெட்டுகளையும் அனுப்பிக் கேட்கும். டிவிஆர்கள் வழக்கமாக 80 என்ற போர்ட்டில் வலைப்பக்கத்தையும், பல வகைகள் 554 என்ற போர்ட்டில் கேமராக் காட்சியையும் வைத்திருப்பதால், அந்த இரண்டும் திறந்திருக்கும் முகவரியைக் கவனியுங்கள். மேக் முகவரி மட்டும் கிடைக்காது, ஏனெனில் நடுவில் ரௌட்டர் இருக்கிறது.

மேக் முகவரி உங்களுக்குத் தேவைப்படும். மின்தடையின்போது மோடமும் டிவிஆரும் ஒன்றாக அணைந்துவிடுகின்றன. வீட்டு மோடம்கள் பலவும் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதை அணைந்த பிறகு நினைவில் வைத்திருப்பதில்லை. மோடத்தில் முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி அமைப்பில் டிவிஆரின் மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தேடலே வேண்டியதில்லை. மேக் முகவரி டிவிஆரின் அடியில் ஒட்டிய தாளில் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால், லேப்டாப் ஒன்றை மேலே எடுத்துச் சென்று மோடத்தில் கேபிளால் இணைத்து, டிவிஆரைப் பிங் செய்துவிட்டு, முன்பு சொன்ன ஏஆர்பி பட்டியலைப் பாருங்கள். அரசு வழங்கிய பழைய விலையில்லா லேப்டாப் பாஸ் லினக்ஸோடு வீட்டில் கிடந்தால் அதுவும் போதும். அங்கே எல்லாவற்றையும் சூடோவோடு இயக்கப் பழக வேண்டாம், அண்டை முகவரிகளின் பட்டியலைப் பார்க்க அது தேவையில்லை. என்மேப்புக்கு நிரந்தரமாக உரிமை கொடுத்துவிடும் செட்கேப் கட்டளையைச் சில பாடங்கள் பரிந்துரைக்கின்றன. என்மேப்புக்குள்ளேயே ஸ்கிரிப்டுகளை ஓட்டும் பொறி இருப்பதால், அந்த உரிமை அவற்றுக்கும் சேர்ந்து போய்விடும்.

100.72 பற்றி ஒன்று. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக ஒதுக்கப்பட்டவை. அங்கே இருப்பவை மற்றவர்களின் மோடம்கள்; உங்கள் டிவிஆர் அங்கே இருக்காது. உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியையோ நெட்வொர்க்கையோ அணுகுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு தடுக்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வீட்டு எல்லையைத் தாண்ட வேண்டாம், ஐயா.

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டணம்) எழுதியது:

கிடைத்துவிட்டது, அம்மா. 192.168.1.4 என்ற முகவரியில் 80, 554 இரண்டும் திறந்திருந்தன. உலாவியில் இட்டவுடன் டிவிஆரின் நுழைவுப் பக்கம் வந்தது. அடியில் ஒட்டிய தாளில் இருந்த மேக் முகவரியை வைத்து மோடத்தில் 192.168.1.50ஐ ஒதுக்கிவிட்டேன். நேற்று மாலை மழைக்கு முன் மின்சாரம் போய் வந்தபின்னும் அதே முகவரியில் திறக்கிறது.

உங்கள் விவாதத்தைப் படித்தபின், அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கிக்கொண்டு, நிர்வாகிக் கணக்கைத் தனியே கடவுச்சொல்லோடு வைத்துவிட்டேன். அதில் இரண்டு ஐயங்கள் எழுந்துள்ளன. கமாண்ட் பிராம்ப்ட்டில் தேடி, கோப்பாகச் சேமிக்கச் சொன்ன முடிவு என் ஆவணங்கள் பகுதியில் இல்லை. அடுத்து, மகனின் கைப்பேசி மேலே உள்ள வைஃபையில் ஒரு மேக் முகவரியையும், கீழே உள்ள வைஃபையில் இன்னொன்றையும் காட்டுகிறது. இரண்டுக்கும் நேரே நிறுவனத்தின் பெயரும் இல்லை. யாரேனும் அயலார் நுழைந்துவிட்டார்களோ என்று வீட்டில் அச்சப்படுகிறார்கள்.

வத்தல்மலை (தர்மபுரி) எழுதியது:

சாதாரணக் கணக்கிலிருந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறக்கும் மென்பொருள், உங்கள் பெயரில் ஓடாமல் அந்த நிர்வாகிக் கணக்கின் பெயரிலேயே ஓடுகிறது. ஆகவே ஆவணங்கள், டெஸ்க்டாப் என்று அது சொல்வதெல்லாம் அந்தக் கணக்கின் கோப்புறைகளே. மேலும், நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட் வழக்கமாக விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32இல் நிற்கும். கோப்பின் பெயரை மட்டும் கொடுத்திருந்தால் உங்கள் முடிவு அங்கேதான் இருக்கும். அந்தக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். இனி டி டிரைவில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதன் முழுப் பாதையையும் கொடுத்துச் சேமியுங்கள். வேறு கணினியிலிருந்து எழுத்துக் கொடுத்து இணைத்த பகிர்வு டிரைவ்களும் நிர்வாகிச் சாளரத்தில் பெரும்பாலும் தெரியாது என்பதால், அவற்றை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கைப்பேசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைப் பெயருக்கும் தனித்தனியாகப் புனைந்த மேக் முகவரியைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தயாரிப்பாளர் பதித்த முகவரி அன்று. நிறுவனப் பெயர் வராததும் அதனால்தான். மகனின் கைப்பேசியில் உங்கள் வீட்டு வைஃபையின் அமைப்பைத் திறந்து, மேலுக்கும் கீழுக்கும் தனித்தனியே, கருவியின் மேக் முகவரியைப் பயன்படுத்து என்ற தேர்வுக்கு மாற்றிவிட்டு மீண்டும் தேடுங்கள். மேல்மாடியில் இணைந்திருக்கும்போது மட்டும் மேக் முகவரியைக் கீழே உள்ள கணினியில் தேடாமல், மோடத்தின் பட்டியலில் பாருங்கள்.